ஒரு முறம் பூம்புகார் மணல்

டெல்டாக்காரனுக்குக் கல் என்றால் இரண்டுதான்: அம்மிக்கல், கோயில் கல். மாயவரம் பக்கம் கிணறு வெட்டினால் களிமண் வரும், மணல் வரும், மறுபடி களிமண் வரும், பாறை மட்டும் தட்டாது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கே அத்தனை கல்லும் வெளியூரிலிருந்து வந்ததுதான். அப்படிப்பட்ட ஊருக்குக் கல்லைப் பற்றிப் படிக்க வருகிறேன் என்று எம்.எஸ்சி. ஜியாலஜி படிக்கும் அக்கா மகள் போன் செய்தபோது சிரித்துவிட்டேன்.

"கல்லைத் தேடி நாம போக வேணாம் மாமா. ஆறே கொண்டாந்து போட்டிருக்கும்."

மேட்டூர் திறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. திருச்சியில் காவிரிப் பாலத்தில் நின்று மலைக்கோட்டையைப் பார்த்துவிட்டு தஞ்சாவூர் பஸ் ஏறினோம். அந்தப் பாறையின் வயது என்று இணையத்தில் ஆளுக்கொரு எண் சுற்றுகிறது. எதை அளந்து சொன்னார்கள் என்றுதான் ஒருவரும் எழுதுவதில்லை. திருவெறும்பூர்க் குன்று ஜன்னலில் வந்து போனது. "அவ்வளவுதான், இனிமே கடல் வரைக்கும் பாறை கிடையாது" என்று சொல்லிவிட்டு, இரண்டு மணி நேரம் என் காதைக் கடித்தாள்.

எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். பாறைக்குழம்பு ஆறி இறுகும்போது ஜிர்கான் என்று ஒரு படிகம் உண்டாகிறது. பொடியிலும் பொடி. அது தன் கட்டுக்குள் யுரேனியத்தைச் சேர்த்துக்கொள்ளும், ஈயத்தைச் சேர்க்காது. ஆக, இன்று அதற்குள் ஈயம் இருந்தால் அது யுரேனியம் சிதைந்து வந்த ஈயம்தான். எவ்வளவு யுரேனியம் மிச்சம், எவ்வளவு ஈயம் சேர்ந்திருக்கிறது என்று எண்ணினால் வயது வந்துவிடும். யுரேனியம்-238 பாதியாகக் குறைய சுமார் 447 கோடி ஆண்டு, யுரேனியம்-235க்குச் சுமார் 70 கோடி. இரண்டும் வேறு வேறு வகை ஈயமாக மாறுகின்றன. ஒரே பத்தாயத்துக்கு இரண்டு கணக்குப்பிள்ளைகளை வைத்து, ஒருவரை ஒருவர் பார்க்கவிடாமல் கணக்கெழுதச் சொன்ன மாதிரி. இரண்டு கணக்கும் ஒத்துப்போனால், நடுவில் யாரும் பத்தாயத்தைத் திறக்கவில்லை என்று அர்த்தம்.

மறைந்துபோன ஒரு கடலின் கதையை இந்தப் பொடி சொல்லும் என்றாள். இதில் கடல் எங்கே வந்தது என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, கும்பகோணம் வரை அதுதான் ஓடியது.

நம் காவிரி, தமிழ்நாட்டுக்குள் வந்ததும், இரண்டு நிலத்துண்டுகள் மோதி ஒட்டிய ஒரு பெரிய தையலைக் குறுக்கே கடக்கிறது. பாலக்காட்டிலிருந்து கிழக்கே, நாமக்கல், கரூர் வழியாக வரும் தையல். அதற்கு வடக்கே உள்ள பாறைகள் பெரும்பாலும் 250 கோடி ஆண்டு, அதற்கும் மேல். தெற்கே மதுரைப் பக்கத்துப் பாறைகளில் 55 முதல் 52 கோடி ஆண்டுக்கு முந்தைய சூடு அழுத்தமாகப் பதிந்திருக்கிறது. நடுவே மொசாம்பிக் பெருங்கடல் என்று ஒன்று இருந்து மூடிக்கொண்டது என்பது பலர் ஏற்கும் கதை. கடல் தரை கண்டத்துக்கு அடியில் இறங்கும்போது மேலே பாறைக்குழம்பு எழும். அதில் பிறந்த ஜிர்கான்கள், கடல் எப்போது சுருங்கிக்கொண்டிருந்தது என்று சொல்லும். கடைசியில் கண்டமும் கண்டமும் முட்டும்போது பாறைகள் ஆழத்தில் புதைந்து 900 டிகிரிக்கு மேல் வேகும். பழைய ஜிர்கான் மேல் புதிதாக ஒரு தோல் வளரும், மோனசைட் என்ற இன்னொரு படிகமும் பிறக்கும். அந்தத் தோலின் வயதுதான் கடல் மூடிய காலத்துக்குச் சாட்சி. நாமக்கல்லுக்கும் திருச்சிக்கும் இடையில் மணமேடு பக்கம், அடியில் இறங்காமல் தப்பிய கடல் தரைத் துண்டு என்று சொல்லும் பாறைகளே இருக்கின்றன. வயது 70 கோடிக்கு மேல்.

அந்தத் தையல் இன்னும் தெற்கே இருக்கிறது என்பாரும் உண்டு, அது 250 கோடி ஆண்டுப் பழசு என்பாரும் உண்டு. சண்டை ஓயவில்லையாம். எனக்கு அதுதான் பிடித்திருந்தது.

(லெமூரியா அன்பர்கள் மன்னிக்க. இந்தக் கடல் இருந்த காலத்தில் மீனே கிடையாது. மனிதனுக்கு எங்கே போவது?)

மாயவரத்தில் சாப்பாடு. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, ரசம் ஆறிப்போயிருந்தது. மேலையூர் கடையணையில் வாய்க்கால் அளவுக்குத்தான் தண்ணீர். குடகில் பிறந்த ஆறா இது என்று இருந்தது.

பூம்புகாரில் அலை வந்து திரும்பும் இடத்தில், மை தீற்றிய மாதிரிக் கறுப்புக் கோடுகள். மீன் விற்கும் அம்மாவிடம் முறம் கேட்டு வாங்கினாள். "தங்கமா தேடுறீங்க?" என்றார் அவர். ஈர மணலைத் தண்ணீரில் அலசி அலசிச் சாய்க்க, வெள்ளை மணல் முதலில் ஓடியது. கறுப்பு தங்கியது. அது கனம், ஜிர்கான் அதே அளவு வெள்ளை மணலைப் போல ஒன்றே முக்கால் மடங்கு எடை.

காந்தத்தில் ஒட்டும் மணலை ஒதுக்க, பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிப் பிடி என்று சொல்லியிருந்தாள். நான் மறந்து வெறுமனே நீட்டிவிட்டேன். காந்தம் முழுக்க மீசை முளைத்துவிட்டது. திரும்பி வரும் பஸ்ஸிலும் அதைத்தான் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

மிச்சத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது முதலில் கண்ணில் பட்டவை மாதுளை முத்து நிறத்தில் கார்னெட். அவற்றுக்கு நடுவே, சீனியைவிடப் பொடியாக, முனை மழுங்கிய கண்ணாடிக் குச்சி போல ஒன்று. "அதுதான் மாமா!" என்றாள். மழுங்கியிருப்பதைப் பார்த்ததும் உருண்டு வந்த தூரம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

வந்த வழிதான் விஷயம். பவானி நீலகிரியிலிருந்து இறங்கி அந்தத் தையல் பகுதியிலேயே ஓடிவந்து கூடுதுறையில் சேர்கிறது. அமராவதி தெற்கே ஆனைமலைப் பக்கத்திலிருந்து வந்து கரூரில் சேர்கிறது. மோதிக்கொண்ட இரண்டு கரைகளின் மண்ணும் இந்த முறத்தில் கலந்து கிடக்கலாம். 1934இல் மேட்டூர் அணை முடிந்தபின் மைசூர்ப் பக்கத்து மணலுக்குக் கீழே இறங்க வழி குறைவு. என் தாத்தா சிறுவனாக இருந்தபோது வந்து சேர்ந்த மணலைத்தான் நாங்கள் அலசிக்கொண்டிருந்தோமோ என்னவோ.

ஊறுகாய் பாட்டிலில் பாதி அளவு சேர்ந்தது. இனி ஒவ்வொரு மணியாகப் பொறுக்கி, பிசினில் பதித்து, பாதியாகத் தேய்த்து, முடியைவிட மெல்லிய லேசர் புள்ளியால் சுட்டு எண்ண வேண்டும். லேபில் வரிசை நீளமாம்.

பாட்டிலில் ஒட்டச் சீட்டு எழுதினாள். பூம்புகார் என்று எழுதுவாள் என நினைத்தேன். டெல்டா பஸ் போர்டு போலவே எழுதியிருந்தாள்: "குடகு – பூம்புகார். வழி: பவானி, கரூர், திருச்சி."