அரசனின் சிலையைக் கழுவுகிறவன்

அந்த வெள்ளிக்கிழமை பிற்பகலில் நான் செய்தது சரிதானா என்ற கேள்வி இரண்டு ஆண்டுகளாக என்னோடு இருக்கிறது. இஸ்ரேலில் முதியோர் பராமரிப்பு வேலை பார்த்தவர்களுக்கு அந்த நேரத்தின் நெருக்கடியை நான் விளக்க வேண்டியதில்லை. ஜெருசலேமில் சூரியன் மறைய 40 நிமிடம் இருக்கும்போதே, யூதர்களின் வார ஓய்வு நாளான ஷப்பாத்துக்குரிய விளக்கை ஏற்றிவிடுவது வழக்கம் என்பதால், குளிர்காலத்தில் நான்கு மணி அளவிலேயே சங்கு ஊதிவிடும். அதற்குள் குளியல் முடிந்து, வெள்ளைச் சட்டை மாற்றி, உணவைச் சூட்டுத் தட்டின்மேல் ஏற்றி வைத்திருக்க வேண்டும்.

நான் பார்த்துக்கொண்ட பெரியவருக்கு அப்போது 89 வயது. பள்ளியில் யூத வேதம் கற்பித்து ஓய்வு பெற்றவர். அவரை ‘மோரே’ என்றுதான் அழைப்பேன். எபிரேயத்தில் ஆசிரியர் என்று பொருள். அன்று அவர் குளிக்க வேண்டாம் என்றார். முந்தைய இரண்டு நாள்களும் அதையே சொல்லியிருந்தார். இடுப்பின் இடப்பக்கம் தோல் சிவந்திருந்ததை நான் காலையில் பார்த்திருந்தேன். சங்கு ஊதுவதற்குள் அவருடைய மகளும் வந்துவிடுவார்.

“மோரே, அரசனின் சிலையைக் கழுவுவது மித்ஸ்வா என்று நீங்கள்தானே எனக்குச் சொன்னீர்கள்?” என்று கேட்டேன்.

அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். “சிலை, ‘வேண்டாம்’ என்று சொல்லாது” என்றார்.

நான் சக்கர நாற்காலியின் தடையை விடுவித்து அவரைக் குளியலறைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். அவர் எதிர்க்கவில்லை என்று எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் நடக்க முடியாத ஒருவர் எப்படி எதிர்த்திருக்க முடியும் என்று யோசிக்கும்போது அந்தச் சமாதானம் நிற்பதில்லை.

சிலையின் கதையை அவர் எனக்குச் சொன்னது நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில். அவருடைய உடம்பைத் தொட நான் கூச்சப்பட்டதை அவர் கவனித்திருக்க வேண்டும். வேதத்தின் லேவியராகமத்துக்கு யூத ஞானிகள் சொன்ன மித்ராஷ் என்ற பழைய விளக்கத்தில் வரும் கதை அது. ஹில்லேல் என்ற பேராசான் பாடம் முடிந்து புறப்படுகிறார். எங்கே போகிறீர்கள் என்று மாணவர்கள் கேட்க, ஒரு மித்ஸ்வாவை, அதாவது இறைக்கட்டளை ஒன்றை, நிறைவேற்றப் போகிறேன் என்கிறார். எந்தக் கட்டளை என்றால், குளியலறைக்குப் போய்க் குளிப்பது என்கிறார். மாணவர்கள் திகைக்கிறார்கள். நாடக அரங்கிலும் விளையாட்டுக் களத்திலும் நிறுத்தியிருக்கும் அரசனின் சிலைகளைத் தேய்த்துக் கழுவ ஓர் ஆளை நியமிக்கிறார்கள்; அவனுக்குப் பிழைப்புக்குக் கூலி கிடைக்கிறது, அரசின் பெரியவர்களோடு அவனுக்கு இடமும் கிடைக்கிறது; அப்படியிருக்க, இறைவனின் சாயலில் படைக்கப்பட்ட நான் என் உடம்பைக் கழுவுவது எவ்வளவு பெரிய கடமை என்று ஹில்லேல் கேட்கிறார். கதையைச் சொல்லி முடித்து, “கூலி வாங்கிக்கொண்டு கழுவுகிறவனையும் அந்தக் கதை விட்டுவிடவில்லை, பார்த்தாயா?” என்றார் மோரே. அன்றிலிருந்து அந்த வேலையில் எனக்குக் கூச்சம் வரவில்லை. அவர் எனக்குச் செய்த பெரிய உதவி அது. அதையே அவருக்கு எதிராகத் திருப்பினேன் என்பதுதான் என்னை இன்னும் வருத்துகிறது.

அவர் யூதர்களின் பக்தி இயக்கமான ஹசிதிய மரபில் வளர்ந்தவர். லியாதி ஊரின் ரப்பி ஷ்னேயூர் ஸல்மான் எழுதி 1796-ல் அச்சான தன்யா நூலில் தினமும் சில வரிகளை என்னைப் பக்கம் புரட்டச் சொல்லிப் படிப்பார். அதன் 36-ஆம் அதிகாரம் அவருக்கு மனப்பாடம். மேலுலகங்களுக்காக அல்ல, எல்லாவற்றிலும் தாழ்ந்த, இறையொளி மிகுதியும் மறைந்துபோன இந்த உலகத்துக்காகவே படைப்பு நடந்தது. இங்கே தனக்கு ஒரு வீடு வேண்டும் என்று இறைவன் விரும்பினான். அந்த வீட்டைக் கட்டித்தருவது மனிதன் பொறுப்பு என்பது அதன் சாரம். எபிரேயத்தில் உலகத்துக்கு ‘ஓலாம்’ என்றும் மறைப்புக்கு ‘ஹெலெம்’ என்றும் பெயர். இரண்டும் ஒரே வேரில் பிறந்தவை என்று அவர் விரலால் காற்றில் எழுதிக் காட்டுவார். மறைந்திருப்பதை வெளியே கொண்டுவருவதற்குத் தனியாக ஒரு புனிதத் தலம் தேவையில்லை, ரொட்டியும் தண்ணீரும் கழிப்பறையும் போதும் என்பார்.

கழிப்பறையை அவர் பேச்சுக்காகச் சேர்க்கவில்லை. யூதர்கள் கழிப்பறையிலிருந்து வெளியே வந்து கை கழுவியதும் ஒரு வாழ்த்துரை சொல்வார்கள். மனிதனை ஞானத்தோடு உருவாக்கி அவனுக்குள் துளைகளையும் குழிவுகளையும் அமைத்தவனே, இவற்றில் ஒன்று திறந்துகொண்டாலும் ஒன்று அடைத்துக்கொண்டாலும் உன் முன்னால் நிற்க முடியாது என்று போகும் அந்த வாழ்த்து யூதர்களின் பழைய சட்ட, விளக்க நூலான தல்முதிலேயே இருக்கிறது. ‘அஷேர் யட்ஸர்’ என்பார்கள். மோரே ஒவ்வொரு முறையும் நடைவழியில் நாற்காலியை நிறுத்தச் சொல்லி, கண்களை மூடி, ஒவ்வொரு சொல்லாக அதைச் சொல்வார். நான் முடிவில் ஆமென் என்பேன். பல வேலைகளில் இருந்திருக்கிறேன்; மனித உடம்பின் இயல்பான காரியம் ஒன்றுக்கு இவ்வளவு மரியாதை கிடைத்ததை வேறெங்கும் கண்டதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இறைவனின் சாயல் என்பது உடல் வடிவம் அல்ல, மனிதனின் அறிவுதான் என்று ரம்பாம், மைமோனிடிஸ் என்று அறியப்படும் இடைக்கால யூத அறிஞர், எழுதியிருக்கிறார். மோரே அவர்மீது பெருமதிப்பு வைத்திருந்தார். ஆனால் பேரப்பிள்ளைகளின் பெயர்கள் மறக்கத் தொடங்கிய பிறகு, “ரம்பாம் சொல்வது சரியென்றால் நான் கொஞ்சம் கொஞ்சமாகச் சாயலை இழந்துகொண்டிருக்கிறேன், ஹில்லேல் சொல்வது சரியென்றால் இல்லை” என்று ஒருநாள் சொன்னார். ஹில்லேலின் கதை அவருக்கு எவ்வளவு தேவைப்பட்டது என்பதை நான் அப்போதே புரிந்துகொண்டிருக்க வேண்டும். அந்த வெள்ளிக்கிழமை அதை எடுத்து வீசியபோது அது நினைவில் இல்லை. மணி மூன்றேகால் என்பது மட்டும் நினைவில் இருந்தது.

என் பக்க நியாயமும் பொய்யல்ல. சிவந்த தோல் புண்ணானால் 89 வயதில் அது ஆறுவது அரிது. மறதி நோயில் இருப்பவரின் மறுப்பு எப்போதும் அவருடைய மறுப்பாக இருக்காது என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்லித்தந்தார்கள். உயிருக்கு ஆபத்து என்றால் ஷப்பாத்தையே மீறலாம், மீற வேண்டும் என்பது அவர்களின் சட்டம். உடம்பைக் காப்பது அங்கே அவ்வளவு முதன்மையானது. இவற்றையெல்லாம் வரிசையாகச் சொல்லி முடிக்கும்போது நான் செய்தது சரி என்றே தோன்றும். அப்போது அவருடைய பதில் திரும்ப வரும். நினைவு கலங்கியவர் அப்படி ஒரு பதிலைச் சொல்ல மாட்டார். அன்று அவர் தெளிவாக இருந்தார்.

1572-ல் ஸஃபேத் நகரில் மறைந்த யூத மறைஞானி ஐசக் லூரியாவின் போதனையைப் பற்றியும் மோரே சொல்லியிருக்கிறார். எல்லையற்ற இறைவன் முதலில் செய்தது தன்னைச் சுருக்கிக்கொண்டதுதான். அவன் விலகி இடம் விட்டதால்தான் வேறொன்று உண்டாக முடிந்தது. ஒளியைத் தாங்க முடியாமல் கலங்கள் உடைந்து, பொறிகள் எல்லாப் பொருள்களிலும் சிதறிக் கிடக்கின்றன. அவற்றை எடுத்து உயர்த்துவது மனிதன் வேலை. நான் பொறியை எடுக்கும் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டு, விலகி இடம் விடும் பாதியைக் கேட்காமல் விட்டேனோ என்று இப்போது நினைக்கிறேன். வீடு என்றால் உள்ளே இருப்பவர் கதவைச் சாத்திக்கொள்ளவும் உரிமை வேண்டுமே.

ஆனால் விலகியும் பார்த்தேன். அதன்பிறகு ஒவ்வொரு முறையும், “மோரே, தண்ணீர் வைக்கவா?” என்று கேட்டு, வேண்டாம் என்றால் விட்டுவிட்டு, ஈரத்துணியால் முகமும் கைகால்களும் மட்டும் துடைத்தேன். ஆறாவது வாரத்தில் புண் வந்தது. பார்க்க வந்த செவிலியர் இதை ஏன் முன்பே கவனிக்கவில்லை என்று கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. புண் ஆறவில்லை. அடுத்த கோடைக்கு முன்பே அவர் போய்விட்டார், வேறு காரணத்தால் என்று மருத்துவர் சொன்னார்.

அன்று குளியல் முடிந்ததும் அவரைத் துவட்டி, வெள்ளைச் சட்டை போட்டு, நடைவழியில் வழக்கமான இடத்தில் நிறுத்திக் கைகளில் தண்ணீர் ஊற்றினேன். பிறகு குளியலறைத் தரையைக் கழுவ உள்ளே திரும்பிவிட்டேன், நேரம் ஆகிவிட்டதே என்று. அவருடைய முதுகு மட்டும் எனக்குத் தெரிந்தது. தலை சற்றுக் குனிந்திருந்தது. அவர் அஷேர் யட்ஸர் சொன்னாரா, சொல்லாமல் விட்டாரா என்று எனக்குத் தெரியாது. நான் குழாயை மூடியிருக்கவில்லை.