தெரியாது என்று சொன்னேன்

"அப்புறம் ஏன் போனார்கள்?" என்று அந்தப் பாட்டி கேட்டார். "தெரியாதும்மா" என்றேன். உக்ரைன் போரால் மெக்டொனால்ட்ஸ் ரஷ்யாவை விட்டுப் போன 2022 கோடையில், மாஸ்கோவில் அது தெரியாதவர் யார்?

ஜூன் 12 அன்று புஷ்கின் சதுக்கத்து மெக்டொனால்ட்ஸ் கடை 'வ்குஸ்னா இ டோச்கா' ('சுவை, அவ்வளவுதான்') என்ற புதுப் பெயரில் திறந்தது. கொஞ்ச நாளில் எங்கள் கடையும் திறந்தது. மெக்டொனால்ட்ஸ் பலகை போனதே தவிர, பிரையர், கிரில், ஆட்கள் எல்லாம் பழையவைதான். பிக் மேக் மட்டும் மெனுவில் இல்லை. 62,000 ஊழியர்களை 2 ஆண்டாவது வைத்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் ரஷ்யத் தொழிலதிபர் அலெக்சாண்டர் கோவருக்குக் கடைகளை விற்றார்கள். படித்துக்கொண்டே பகுதிநேரம் வேலை பார்த்த எனக்கு அது பெரிய நிம்மதி.

யார் கேட்டாலும் "அதே இறைச்சி, அதே பன், அதே ஆட்கள்" என்று சொல்வேன். பொய்யில்லை. பாட்டியிடமும் அதையே சொன்னேன். 1990 ஜனவரி 31, முதல் கடை திறந்த அன்று குளிரில் வரிசையில் நின்றவராம். சாஸ் டப்பாவின் மூடியில் பழைய சின்னத்தைக் கறுப்பு மார்க்கரால் அடித்திருந்தார்கள். அவர் நகத்தால் சுரண்டினார். மஞ்சள் எம் எட்டிப் பார்த்தது. "எல்லாம் அதேதான் என்கிறாய், அப்புறம் ஏன் போனார்கள்?"

நான் மாணவர் விசாவில் இருந்தேன். ராணுவத்தைப் பற்றிப் பொய்ச் செய்தி பரப்பினால் 15 ஆண்டுவரை சிறை என்று மார்ச்சிலேயே சட்டம் வந்துவிட்டது. பின்னால் வரிசை வேறு. வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? ஷிஃப்ட் மேனேஜரும் "நல்லா சமாளிச்சே" என்று தோளில் தட்டினார். அந்தத் தட்டல்தான் இன்னும் உறுத்துகிறது.

ஜூலையில் சில கடைகளில் பிரெஞ்சு ஃபிரைஸ் தீர்ந்தது. 2021 விளைச்சல் சரியில்லை, இறக்குமதியும் முடியவில்லை என்று கேட்டவருக்கெல்லாம் நின்று விளக்கினேன். உருளைக்கிழங்குக்கு அவ்வளவு பேச்சு வந்தது.

பாட்டிக்குக் காரணம் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். தெரிந்தே கேட்டாரென்றால், அதை வாய்விட்டுச் சொல்ல ஒரு ஆள் தேடியிருக்கிறார். வெளிநாட்டுக்காரன் சொல்லிவிடுவான் என்று என்னைக் கேட்டாரோ? அல்லது நான்தான் இப்படியெல்லாம் கதை கட்டுகிறேனா? சும்மா புலம்பியிருக்கவும் கூடும்.

உயிரைப் பணயம் வைக்கும்படி அவர் கேட்கவில்லை. "சொல்ல முடியாதும்மா" என்றிருந்தாலே அவருக்குப் புரிந்திருக்கும். அதற்காக யாரும் என்னைப் பிடித்திருக்க மாட்டார்கள் என்று இப்போது, ஊரில் உட்கார்ந்துகொண்டு, தைரியமாகச் சொல்கிறேன். அன்று வரிசையில் அடுத்து நின்றவர் யாரென்று எனக்குத் தெரியாது.