விட்டுப்போன ஒரு புள்ளி

பழைய கேசட்டுகளிலிருந்து அப்பா மாற்றி வைத்த பாட்டுகள் எல்லாம் எங்கள் அல்சூர் வீட்டில் ராஸ்பெரி பை என்ற ஒரு சின்னக் கணினியில் இருக்கின்றன. கேட்க வேண்டுமென்றால் அதன் நெட்வொர்க் முகவரியான 192.168.1.20 என்று அடிக்க வேண்டும். நம்பருக்குப் பதிலாகப் பெயர் வைத்துத் தரலாம் என்று அதே கணினியில் பைண்ட் 9 போட்டேன், பெயரைக் கேட்டால் நம்பரைச் சொல்லும் டிஎன்எஸ் சர்வர் மென்பொருள் அது. பெயர்களின் பின்னால் வரும் டொமைனுக்கு ஹோம்.ஆர்ப்பா எடுத்துக்கொண்டேன், வீட்டு நெட்வொர்க்குகளுக்கென்றே 2018இல் ஒதுக்கிய பெயர் அது.

சனிக்கிழமை சோன் ஃபைல், அதாவது அந்த டொமைனின் பெயர்ப் பட்டியல், எழுதினேன். அந்தக் கணினிக்கு வைத்த 'பெட்டி' என்ற பெயருக்கு, நம்பரைச் சொல்லும் ஏ ரெக்கார்டு; 'பாட்டு'க்கு பெட்டியைக் காட்டும் சிநேம், அதாவது மாற்றுப் பெயர் வரி. ஃபைலில் பிழை பார்க்கும் நேம்டு-செக்சோன் ஓட்டினேன், ஓகே என்றது. அப்பாவின் லினக்ஸ் லேப்டாப்பில் பெட்டி திறந்தது, பாட்டு திறக்கவில்லை. "பழைய நம்பரே இருக்கட்டும்பா" என்றார் அப்பா. எனக்கு மனசு கேட்கவில்லை.

ஃபயர்வாலைத் துழாவி ஒரு மணி நேரம் போனது. முதலிலேயே சர்வரை நேராகக் கேட்கும் 'டிக்' (dig) கட்டளையை அடித்துப் பார்த்திருக்க வேண்டும். விடையில் இப்படி இருந்தது:

பாட்டு.ஹோம்.ஆர்ப்பா. சிநேம் பெட்டி.ஹோம்.ஆர்ப்பா.ஹோம்.ஆர்ப்பா.

சோன் ஃபைலில் ஒரு பெயர் புள்ளியில் முடியவில்லை என்றால், அது பாதிப் பெயர் என்று எடுத்துக்கொண்டு பின்னால் டொமைனையும் பைண்ட் ஒட்டிவிடும். நான் 'பெட்டி.ஹோம்.ஆர்ப்பா' என்று எழுதிப் புள்ளி வைக்காமல் விட்டிருந்தேன். இலக்கணப்படி வரியில் பிழை இல்லை, அதனால்தான் செக்சோனும் பிடிக்கவில்லை. வெறும் 'பெட்டி' என்று எழுதியிருந்தாலும் சரியாகவே வந்திருக்கும்.

புள்ளி வைத்து ரீலோடு செய்தேன். டிக் சரி, லேப்டாப்பில் மட்டும் அதே பிழை. 'அப்படி ஒரு பெயர் இல்லை' என்ற பதிலையும் கேஷ், அதாவது வந்த பதில்களைச் சேர்த்து வைக்கும் இடம், ஞாபகம் வைத்திருக்கும். எவ்வளவு நேரம் என்பதை சோன் ஃபைலின் தொடக்கத்தில் வரும் எஸ்ஓஏ ரெக்கார்டின் கடைசி எண் சொல்கிறது. நான் 3600 வினாடி போட்டிருந்தேன், அதாவது ஒரு மணி நேரம். லேப்டாப்பில் கேஷைக் காலி செய்ததும் பாட்டு திறந்தது. சோதனை முடியும்வரை அந்த எண் 300ஆகவே இருக்கட்டும்.

அப்புறம் செகண்டரியாக, அதாவது சோனின் நகலை வைத்துப் பதில் சொல்லும் சர்வராக, வைத்திருக்கும் இன்னொரு ராஸ்பெரி பையைத் தனியாகக் கேட்டால், அது இன்னும் பழைய பதிலையே தந்தது. எஸ்ஓஏவில் உள்ள சீரியல் எண்ணைக் கூட்டாமல் விட்டிருந்தேன். எண் கூடினால்தான் செகண்டரி புதிய சோனை இழுத்துக்கொள்ளும். இனி தேதியோடு இரண்டு இலக்கம் சேர்த்து எழுதப் போகிறேன், ஒரே நாளில் பல தடவை மாற்றினாலும் குழப்பம் வராது.

அப்பா இப்போது பெயரைத்தான் அடிக்கிறார். அடுத்த வாரம் ரிவர்ஸ் சோன், நம்பரைக் கேட்டால் பெயரைச் சொல்வது. அங்கே நம்பருக்குப் பெயர் சொல்லும் பிடிஆர் வரி ஒவ்வொன்றிலும் முழுப் பெயர் எழுத வேண்டும், ஒவ்வொன்றின் கடைசியிலும் புள்ளி வைக்க வேண்டும்.