தூங்கி எழுந்த பிறகு எழுதும் படக் கொப்பி

படம் முடிந்த இரவே அபிப்பிராயம் எழுதக் கூடாது. விடிந்ததும், தேத்தண்ணிக்கு வைத்த தண்ணீர் கொதிப்பதற்குள் மனதில் நிற்பதை மட்டும் எழுத வேண்டும். எழுதி முடியும்வரை மற்றவர்கள் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று தேடக் கூடாது. நட்சத்திரம், புள்ளி ஒன்றும் போடுவதில்லை. இந்தச் சட்டங்களோடு போன வருஷக் கடைசியில் தடித்த நோட்டுப் புத்தகமான ஒரு சீ.ஆர். கொப்பியைத் தொடங்கினேன். திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு முடிந்தால் அம்மா, தம்பி, நான் மூன்று பேரும் ரீ.வி.க்கு முன்னால்தான். பார்த்ததெல்லாம் ஒரு மாதத்துக்குள் கலந்துபோய், எந்தக் காட்சி எந்தப் படத்தில் வந்தது என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தோம். அதற்காகத்தான் கொப்பி.

இப்போது பாதி நிரம்பிவிட்டது. இரவில் கைதட்டிப் பார்த்த பல படங்களுக்குக் காலையில் இரண்டு வரிகூடத் தேறவில்லை. பெரிய நடிகர்களின் அடிதடிப் படங்கள் முக்கால்வாசிக்கு ‘பாட்டு நல்லம், சத்தம் கூட’ என்பதோடு நிறுத்தியிருக்கிறேன்.

ஆகக் கூடுதலான பக்கங்களைப் பிடித்தது, 2021இல் வந்த மலையாளப் படமான ‘தி கிரேட் இந்தியன் கிச்சன்’. ஜியோ பேபி இயக்கியது. காலையில் எழுத உட்கார்ந்தால் முதலில் வந்தது கதை இல்லை, குசினித் தொட்டிக்குக் கீழே ஒழுகுகிற குழாய். திருத்த ஆள் கூப்பிடச் சொல்லி மனைவி கேட்டுக்கொண்டே இருக்கிறாள், புருஷன் மறந்துகொண்டே இருக்கிறான். ஊத்தைத் தண்ணீரை அவள் தனியாகச் சமாளிக்கிறாள். ஆம்பிளைகள் சாப்பிட்டு எழும்பிய மேசையில் சப்பித் துப்பியது அப்படியே கிடக்கிறது, அதே மேசையில் பிறகு பெண்கள் இருந்து சாப்பிடுகிறார்கள். பின்னணி இசை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அரிகிற சத்தம், தாளிக்கிற சத்தம், பாத்திரம் கழுவுகிற சத்தம்தான் திரும்பத் திரும்ப. முதல் அரை மணித்தியாலம் தம்பிக்குப் பொறுமை இல்லை, “இதில என்ன நடக்குது?” என்று கேட்டபடி இருந்தான். நடப்பதே அதுதான். மாமனார் சம்மந்தி என்கிற சட்னியைக் கையால் அரைக்கச் சொல்கிற இடத்தில் அம்மா, “மெஷினில அடிச்ச சம்பல் உங்கட அப்பாவுக்கும் இறங்காது” என்றா. அடுத்த நாள் அப்பாவுக்கும் போட்டுக் காட்டலாம் என்றேன். “வேண்டாம் பிள்ளை, எழும்பிப் போயிடுவார்.” 2023இல் ஐஸ்வர்யா ராஜேஷ் நடித்துத் தமிழிலும் வந்தது. அதையும் பார்த்தோம், அதற்குக் கொப்பியில் ஒரு வரிதான்.

‘த்ரிஷ்யம்’ கதையை மூன்று மொழியில் பார்த்தது இந்தக் கொப்பியால் வந்த வேலை. 2013இல் மோகன்லாலின் மலையாளம், 2015இல் கமலின் ‘பாபநாசம்’, 2017இல் ஜாக்சன் அந்தனி நடித்த சிங்களப் படம் ‘தர்மயுத்தய’. முடிச்சு தெரிந்த பிறகும் மூன்றாவது தரம் அலுக்கவில்லை. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்ட ஒரு கேபிள்காரன், படம் பார்த்துப் பார்த்தே எல்லாம் கற்றவன், வீட்டில் நடந்த ஒரு கொலையை மறைக்க, பஸ்ஸில் வந்தவர்களிலும் ஹோட்டலில் இருந்தவர்களிலும் ஒரு திகதியைப் பதித்துவிடுகிறான். அவர்கள் பொய் சொல்லவில்லை, தங்களுக்கு ஞாபகம் இருப்பதைத்தான் பொலிசுக்குச் சொல்கிறார்கள். மற்றவன் ஞாபகத்துக்குள் கைவைக்கிற இந்த வித்தைதான் எனக்குக் காலையில் நின்றது. கடைசியில் செத்த பையனின் தாய் தகப்பனோடு பேசுகிற காட்சியில் கமல் உடைந்து அழுகிறார், மோகன்லால் அடக்கி வைத்திருக்கிறார். அம்மா கமல் பக்கம், நான் மோகன்லால் பக்கம். இதில் சமாதானம் கிடையாது.

பிரசன்ன விதானகேயின் ‘புரஹந்த களுவர’வை நான்தான் கேட்டுப் போடுவித்தேன். 1997இல் எடுத்த சிங்களப் படம். 2000இல் உள்நாட்டில் திரையிட விடாமல் தடுத்து, அடுத்த வருஷம் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகே ஓடியது. கண் தெரியாத ஒரு கிழவர், முத்திரை வைத்த பெட்டியில் வந்த இராணுவத்து மகன் செத்துவிட்டான் என்று நம்பமாட்டேன் என்கிறார். நட்ட ஈட்டுக்குரிய படிவத்தில் கையெழுத்து வைக்கவும் மாட்டார். கடன் கழுத்தை நெரிக்கிறது, வீடு பாதியில் நிற்கிறது, ஊரே வற்புறுத்துகிறது. ஜோ அபேவிக்ரம சத்தம் போடாமல் அந்தப் பிடிவாதத்தை நடித்திருக்கிறார். வறண்ட குளத்துப் பக்கம் தடியை ஊன்றி அவர் நடந்து போவதை அடுத்தடுத்த நாளும் எழுதியிருக்கிறேன், சட்டத்தில் அதற்கு இடமில்லாவிட்டாலும். எந்தப் படத்துக்கும் ஏதாவது சொல்கிற அம்மா, இதற்கு ஒன்றும் சொல்லவில்லை. யாருடைய மகன் என்று பார்த்து அழுகிற படம் இல்லை இது. எனக்குத் தெரிந்தவரை இங்கே எடுத்த படங்களில் இதற்குப் பக்கத்தில் வைக்க அதிகம் இல்லை.

எங்கள் கதை, இலங்கைத் தமிழர் கதை என்று வருகிற படங்களைக் கொஞ்சம் வேகமாகத் தாண்டுகிறேன். 2015இல் கான் விழாவின் ஆகப் பெரிய விருதைப் பெற்ற ‘தீபன்’ கடைசியில் துப்பாக்கிச் சண்டையாக முடிகிறது. காலையில் அது மிஞ்சவில்லை. பரிஸ் தெருவில் மினுங்குகிற விளையாட்டுச் சாமான் விற்க, இருட்டுக்குள்ளிருந்து நீல வெளிச்சம் மினுங்கி மினுங்கி நடந்து வருகிறதே, அது மிஞ்சியது. அதில் நடித்த ஷோபாசக்தியின் முகமும் மிஞ்சியது. 2025இல் வந்த ‘டூரிஸ்ட் ஃபேமிலி’யை மூன்று பேரும் சிரித்துப் பார்த்தோம். பொருளாதார நெருக்கடியில் வல்வெட்டித்துறையிலிருந்து வள்ளத்தில் போகிற குடும்பம். “ஒரு தெருவில இவ்வளவு பேரும் நல்லவங்களா?” என்று தம்பி கேட்டது ஞாயம்தான். ஆனாலும் அந்த மரண வீட்டில் அயல் கூடுகிற காட்சி மறுநாளும் இருந்தது. ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ பார்க்கிற ஒவ்வொரு தரமும் எனக்குப் பாட்டாகத்தான் மிஞ்சுகிறது.

தொடர்களோடுதான் கொப்பிக்குப் பிரச்சினை. ‘செர்னோபில்’ ஐந்தே பகுதி என்பதால் தப்பியது. வெடித்த அணு உலையின் தூரத்து நெருப்பை வேடிக்கை பார்க்கப் பாலத்தில் கூடிய சனத்தின் மேலே சாம்பல் விழ, பிள்ளைகள் அதில் விளையாடுகிறார்கள். பக்கம் முழுக்க அதுதான். நெடுந்தொடருக்கு இந்தச் சட்டம் செல்லாது, ஒரு இரவில் முடிகிற சாமான் இல்லை அது. அம்மாவுக்கோ கொப்பியே தேவையில்லை. 2019 பிக் பாஸில் எங்கட திருகோணமலைப் பிள்ளை லொஸ்லியா இருந்ததால், யார் யாரோடு எதற்கு முறைத்துக்கொண்டார்கள் என்று இன்றைக்கும் வரிசையாகச் சொல்லுவா. அதையெல்லாம் நானும் கூட இருந்துதான் பார்த்தேன், கேட்டால் ஒன்றும் வராது. “நீ எழுதி வைக்கிறாய், அதால மறக்கிறாய்” என்கிறா. இருக்கலாம்.

தொடர்களுக்கு மட்டும் சட்டத்தை மாற்றி, கிழமைக்கு ஒருக்கால் ஞாயிறு காலையில் எழுதிப் பார்க்கிறேன். இன்னும் பிடி கிடைக்கவில்லை. அடுத்ததாக, தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாணத்தில் எடுத்த ‘பொன்மணி’. தம்பி ஒரு பிரதி பிடித்திருக்கிறான், சத்தம் தெளிவில்லையாம். வருகிற பௌர்ணமிப் போயா லீவில் போடுவதாகச் சொல்லியிருக்கிறான்.