ஓதமும் காற்றும்: நெல்லைச் சீமையில் படம் போடுகிறவர்களுக்கு

ஆனி மாதம் பாளையங்கோட்டையில் வெளியே உட்கார்ந்து வாட்டர்கலர் போட்டால், வானத்துக்கு இழுத்த வாஷ் (நிறைய தண்ணீரில் கரைத்த மெல்லிய நிறப்பூச்சு) பாதித் தாளைத் தாண்டுவதற்குள் மேல்பாதி காய்ந்து கோடு விழுந்துவிடும். அதே தாளைத் தூக்கிக்கொண்டு 55 கிலோமீட்டர் தள்ளித் தென்காசிக்குப் போனால், சாரலில் அரை மணி நேரமானாலும் ஈரம் போகாது. செங்கோட்டைக் கணவாய்க்குள் நுழைகிற காற்று மலையடிவாரத்தில் மழையை இறக்கிவிட்டு நெல்லைக்கு வெறுங்கையோடு வருகிறது. வெறுங்கை என்றும் சொல்ல முடியாது, புழுதி கொண்டுவருகிறது. அது நேராக ஈர வாஷில்தான் வந்து உட்காரும்.

நெல்லைப் பக்கம் உட்காரும்போது தடித்த 300 ஜி.எஸ்.எம். காட்டன் தாளை இரண்டு பக்கமும் ஸ்பாஞ்சால் நனைத்து, 5 நிமிடம் ஊறவிட்டு, அக்ரிலிக் ஷீட் மேல் போட்டால் கிளிப் இல்லாமலே பிடித்துக்கொள்ளும். அடியிலிருந்து ஈரம் ஏறிக்கொண்டே இருப்பதால் வேலை செய்யக் கால் மணி நேரமாவது கிடைக்கும். பிளைவுட் பலகை வேண்டாம், அது தண்ணீரைக் குடித்துவிடும். தென்காசி, குற்றாலம் பக்கம் இதற்கு நேர்மாறு: தூரிகையில் தண்ணீரைப் பாதியாகக் குறைக்க வேண்டும், தாளைப் பாலித்தீன் உறையை விட்டு வெளியே வைக்கவே கூடாது. ஈரக்காற்றில் பல நாள் கிடந்த தாளில் மேல்பூச்சுப் பசை கெட்டு, நிறம் திட்டுத்திட்டாக உள்ளே இறங்கும். அப்புறம் எந்த வித்தையும் பலிக்காது.

தாமிரபரணிப் படித்துறைகளை வரிசையாகப் போட நினைப்பவர்கள் குறுக்குத்துறையில் தொடங்கலாம். முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே நிற்கிறது. வெள்ளம் வந்தால் முங்கும். அங்கே பார்க்க வேண்டியது கோபுரத்தைவிட, கல்லில் ஈரம் ஏறி நிற்கிற கோடு. காய்ந்த கருங்கல் வெளிர் சாம்பல். நனைந்த கல் அதைவிட இரண்டு மடங்கு கறுப்பு. இரண்டுக்கும் நடுவே விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும். இதை ஒரே வாஷில் பிடிக்கப் பார்த்தால் குழைந்து சகதியாகிவிடும். முதலில் பர்ன்ட் சியன்னாவும் (செம்பழுப்பு) அல்ட்ராமரைனும் (அடர் நீலம்) கலந்து படிகள் முழுவதற்கும் ஒரு மெல்லிய வாஷ். அது முழுக்கக் காய வேண்டும். காய்ந்ததா என்று கண் சொல்லாது, புறங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். சில்லென்றிருந்தால் உள்ளே ஈரம் இன்னும் இருக்கிறது. பிறகு நீலம் தூக்கலான இரண்டாவது கலவையை ஈரக்கோட்டிலிருந்து கீழ்நோக்கி ஒரே இழுப்பில் கொண்டுவர வேண்டும். திரும்பத் தொடக் கூடாது. படியின் ஓரத்தில் பளபளக்கும் வெளிச்சத்துக்குத் தாளின் வெள்ளையையே விட்டுவைப்பது நல்லது. பிற்பாடு வைக்கிற வெள்ளைப் பெயின்ட் சுண்ணாம்புச் சொட்டு மாதிரிதான் தெரியும்.

சுவர்ப்படம் வேறு கதை. நெல்லைக் கால்வாய், பாளையங்கால்வாய், கோடகன் கால்வாய் ஓரத்து ஊர்களில் சுவருக்கு முதல் எதிரி ஓதம், அதாவது தரையிலிருந்து சுவரில் ஏறுகிற ஈரம். சித்திரை, வைகாசியில் கால்வாய் அடைத்திருக்கும்போது சுவர் எலும்பு மாதிரி காய்ந்திருக்கும். அதை நம்பி எமல்ஷன் அடித்துப் படம் போட்டு முடிப்பார்கள். கார் பருவ நெல் சாகுபடிக்குத் தண்ணீர் விட்டதும் தரையிலிருந்து இரண்டு மூன்று அடிக்கு ஓதம் ஏறி, படத்தில் இருப்பவர் காலெல்லாம் கொப்புளமாகி உரியும். அதனால் சோதனையைக் கால்வாயில் தண்ணீர் ஓடும்போதே செய்ய வேண்டும். ஒன்றரை அடிச் சதுரப் பாலித்தீனை நான்கு ஓரமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, ஒரு பகல் ஒரு இரவு விட வேண்டும். உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் அந்த உயரம் வரை படம் கிடையாது.

வாட்டர்புரூஃப் பட்டி பூசி அடைத்துவிடலாம் என்பார்கள். அடைத்தால் ஓதம் இன்னும் மேலே ஏறி, பட்டி முடிகிற இடத்தில் வெளியே வரும். ஓதம் நிற்கும் உயரத்துக்கு மேலே படத்தைத் தொடங்கி, கீழே சுண்ணாம்பும் காவியும் அடித்து விடுவதே சரி. சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், எமல்ஷன் பை போலப் பிடித்து வைத்துக்கொள்ளும். சுண்ணாம்பில் காவிப்பொடி பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் காய்ந்தபின் சட்டையில் ஒட்டும். ஈரத்தில் அடர்த்தியாகத் தெரிகிற நிறம் காய்ந்ததும் வெளுத்துவிடும் என்பதால், முதலில் ஒரு செங்கல்லில் பூசிக் காயவைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். காவியும் மஞ்சள் மண்ணும் சுண்ணாம்பின் காரத்துக்கு அசையாது. பிரஷ்யன் நீலம் பழுப்பாகிவிடும்.

பழைய வெள்ளையடிப்பின் மேலேயே எமல்ஷன் அடிப்பதுதான் அடிக்கடி நடக்கிற தப்பு. உள்ளங்கையால் தேய்த்து மாவு ஒட்டினால், பட்டி பிளேடால் சுரண்டி, கழுவி, காயவிட்டு, பிரைமர் கொடுத்தாக வேண்டும். இல்லையென்றால் அடுத்த கோடையில் படம் அப்பளமாகப் பெயர்ந்து வரும். புதுச் சிமென்ட் பூச்சு என்றால் 28 நாள் பொறுக்க வேண்டும். 20 அடிக்கு 10 அடிச் சுவருக்குப் பிரைமர் 2 லிட்டர் போல ஆகும். கிழக்குப் பார்த்த சுவருக்கு மாலையும் மேற்குச் சுவருக்குக் காலையும் வேலை. வெயில் விழுகிற சுவரில் பெயின்ட் தூரிகையிலேயே காயும்.

காருகுறிச்சிச் சுடுமண் உருவங்களுக்கும் நிறம் கொடுக்கலாம். அதற்கு முன் எடைபோட்டு, வெயிலில் வைத்து, மறுநாளும் எடைபோட வேண்டும். குறைந்திருந்தால் ஈரம் இன்னும் உள்ளே உண்டு.

ஆனித் தேரை வரையப் போகிறவர்கள் அன்றைக்கே போய்த் தேரை வரையக் கூடாது. நெல்லையப்பர் தேர் நிலையில் நிற்கும்போது முந்தின வாரமே அடித்தட்டு, சக்கரம், மரச்சிற்பம் எல்லாவற்றையும் பென்சிலில் அளந்து வைத்துவிட வேண்டும். தேரன்று ரத வீதியில் பிடிக்க வேண்டியது மூன்றுதான்: வடம் இழுபடும்போது முதுகுகள் சாய்கிற கோணம், முட்டுக்கட்டை போடுகிறவரின் கை, மேலே துணி அசைவு. குலசை (குலசேகரப்பட்டினம்) தசராவோ ராத்திரி வேலை. எல்.இ.டி. வெளிச்சத்தில் ஆரஞ்சு எது, சிவப்பு எது என்று தாளில் தெரியாது. பெட்டியில் எந்தக் குழியில் எந்த நிறம் என்று கைக்கு மனப்பாடம் இருந்தால்தான் காளி முகத்துக்குச் சிவப்பு விழும்.

திருப்புடைமருதூர் ராஜகோபுரத்து உள்சுவர் ஓவியங்களைப் பிரதி எடுப்பது ஊர்க் கலைஞர்கள் பலருக்கும் உள்ள ஆசை. குதிரைகள் ஏற்றிய கப்பல் அங்கேதான் இருக்கிறது. அனுமதி வாங்கிக்கொண்டு போனாலும், தண்ணீர் பாட்டில், வாட்டர்கலர், டிரேசிங் தாள் எதையும் உள்ளே கொண்டுபோகக் கூடாது. விரல் பட்டாலே அடர்ந்த இடங்கள் பொடியாக உதிரும். பென்சிலும் கலர் பென்சிலும் போதும். நிறத்தை நினைவில் தேக்க முடியாது. காவியில் 5, மஞ்சளில் 4, பச்சையில் 3, கறுப்பில் 2 என்று படி படியாகப் பூசி எண் போட்ட அட்டையை வீட்டிலேயே தயாரித்துக்கொண்டு, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்து ஒப்பிட்டு, படத்தில் எண்ணை மட்டும் குறித்துவர வேண்டும். டார்ச்சை நேருக்கு நேர் அடிக்காமல் பக்கவாட்டில் தாழப் பிடித்தால், கோட்டுக்கு அடியில் இருக்கும் முதல் கோடும், ஓவியன் இடம் மாற்றிப் போட்ட குதிரைக் காலும் சில இடங்களில் தெரியும்.