மாடு மேய்க்கப் போனவனுக்கு ஒரு பட்டப்பெயர்

கணக்கில் மதிப்பெண் குறையும்போதெல்லாம் அப்பா சொல்வது ஒன்றுதான்: "நீ மாடு மேய்க்கத்தான்டா லாயக்கு." அந்த ஒரு வசனத்துக்குப் பயந்தே படித்து, டெக்சாஸ் வரை வந்து, இப்போது 46 வயதில் சொந்தக் காசில் தொப்பியும் பூட்ஸும் வாங்கிக்கொண்டு கௌபாய் ஆகியிருக்கிறேன்.

விஷயம் இதுதான். இங்கே கௌபாய் துப்பாக்கி சுடும் போட்டி என்று ஒன்று நடக்கிறது. 1987-ல் தொடங்கிய சிங்கிள் ஆக்‌ஷன் ஷூட்டிங் சொசைட்டியின் விதிகள்படி ஆடுவார்கள். பழைய மாடல் ரிவால்வர் இரண்டு, லீவர் இழுத்துச் சுடும் ரைஃபிள் ஒன்று, ஷாட்கன் ஒன்று, குறி எல்லாம் இரும்புத் தகடு. வேட்டைக்குப் போகிற மாதிரி டீஷர்ட்டில் போய் நிற்க முடியாது, 19-ம் நூற்றாண்டு உடை வேண்டும். அதோடு ஒரு பட்டப்பெயரும் வேண்டும், அதுவும் வேறு எந்த உறுப்பினரிடமும் இல்லாத பெயராக.

துப்பாக்கியை அலுவலக நண்பர் இரவல் கொடுத்துவிட்டார். பெயரை யார் இரவல் கொடுப்பார்கள்?

சிவகாசியில் அச்சான காமிக்ஸ் படித்து வளர்ந்தவன் என்பதால் முதலில் மனம் அதில் வரும் கௌபாய் நாயகன் 'டெக்ஸ்' பக்கம்தான் போனது. ஆனால் டெக்சாஸில் நின்றுகொண்டு டெக்ஸ் என்று சொல்வது மதுரையில் 'மதுரைக்காரன்' என்று சட்டையில் எழுதிக்கொண்டு திரிவது போல. அப்புறம் 'மெட்ராஸ் கிட்'. மனைவி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நாற்பத்தாறு வயசுல கிட்டா? நல்லா இருக்குங்க."

நியாயம்தான். அந்தக் காலத்துப் பிரபலக் கொள்ளைக்காரன் பில்லி த கிட் சுடப்பட்டுச் செத்தபோது அவனுக்கு 21 வயதுதான்.

சரி, அந்தக் கௌபாய் காலத்து நிஜ ஆட்களுக்கு எப்படிப் பெயர் வந்தது என்று பார்த்தால், நம் ஊர் கதையேதான். ஹாலிடே என்கிற துப்பாக்கி வீரர் பல் வைத்தியர், அதனால் டாக் ஹாலிடே. ரயில் பாதை போட்ட கூலிகளின் சாப்பாட்டுக்காக 18 மாதத்தில் 4,282 காட்டெருமைகளைச் சுட்டேன் என்று தானே கணக்குச் சொன்ன வில்லியம் கோடி என்பவர், பஃபலோ பில். குதிரை திருடி வயோமிங்கின் சன்டான்ஸ் ஊர்ச் சிறையில் கிடந்தவன் சன்டான்ஸ் கிட். தொழில், செய்த காரியம், மாட்டிக்கொண்ட இடம், அவ்வளவுதான். இந்தக் கணக்கில் எனக்கு 'டேட்டாபேஸ் பாண்டி' என்றுதான் வரும், வேண்டாம்.

தானே பெயர் சூட்டிக்கொண்டவர்களும் உண்டு என்பது ஆறுதல். எனக்குப் பிடித்தவர் பிளாக் பார்ட். நிஜப் பெயர் சார்லஸ் போல்ஸ். ஏதோ ஒரு மலிவுக் கதையிலிருந்து பெயரை உருவிக்கொண்டு கலிஃபோர்னியாவில் வெல்ஸ் ஃபார்கோ கம்பெனியின் குதிரை வண்டிகளை வழிமறித்தார், அதுவும் நடந்தே போய், குதிரை இல்லாமல் (எனக்கும் குதிரை ஏறத் தெரியாது). கொள்ளையடித்த இடத்தில் கவிதை எழுதி வைத்துவிட்டுப் போன ஆள். 1883-ல் கடைசிக் கொள்ளையின்போது கைக்குட்டையை விட்டுவிட்டு ஓட, அதிலிருந்த சலவைக் குறியை வைத்து சான் ஃபிரான்சிஸ்கோவில் ஆளைப் பிடித்துவிட்டார்கள். நம்ம ஊர் வண்ணான் குறி மாதிரிதான்.

கைக்குட்டை என்றதும்தான் பொறி தட்டியது. கௌபாய் கழுத்தில் கட்டுகிற பண்டானா இருக்கிறதே, அந்தச் சொல்லே இந்தியாவிலிருந்து போனது. துணியை முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றும் வேலைக்கு ஹிந்தியில் வழங்கிய சொல். அப்படியென்றால் இந்த உடுப்பில் ஒரு முழம் துணியாவது என் உரிமை. பஃபலோ பில், பிளாக் பார்ட் எல்லாம் ஒரே எழுத்தில் தொடங்கி ஓடுகிற பெயர்கள் என்பதால் மோனையும் பொருந்திவிட்டது.

பண்டானா பாண்டி.

பதினெட்டு வருடமாகக் காப்பிக்கடைக் கோப்பையில் என் பெயரைப் பான்டா, பேன்டி என்றெல்லாம் எழுதிக் கொல்கிற ஊர் இது. போட்டியன்று நேரம் குறிப்பவர் இந்தப் பெயரை மட்டும் ராகம் போட்டுக் கூப்பிட்டார். போய் நின்று, முதல் சுற்றிலேயே ஆறு குறி தவறவிட்டேன். தவறுக்கு ஐந்து வினாடி வீதம் முப்பது வினாடி அபராதம்.

ராத்திரி அப்பாவுக்கு வீடியோ கால் போட்டுத் தொப்பியோடு நின்று காட்டினேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"அது சரி, மாடு எங்கடா?"