சான்றிதழில் உள்ள பிறந்தநாள்

கலை அறிவியல் கல்லூரிகளில் கணினி அறிவியல், வணிகவியல் மாணவர்களுக்கு நிகழ்தகவும் புள்ளியியலும் பெரும்பாலும் துணைப்பாடமாகவே வருகின்றன. இப்பாடத்தைப் பல ஆண்டுகளாக நடத்திவரும் எனக்கு, சூத்திரங்களைவிட அவை எந்த எடுகோளின் மேல் நிற்கின்றன என்பதைப் புரியவைப்பதே கடினமாக இருக்கிறது.

ஓர் அறையில் 23 பேர் இருந்தால், அவர்களில் இருவருக்காவது ஒரே பிறந்தநாள் அமையும் நிகழ்தகவு 50 சதவீதத்தைச் சற்றே தாண்டுகிறது என்றால் வகுப்பு நம்பாது. ஒப்பிட வேண்டியவை ஆட்கள் அல்ல, இணைகள்; அவை 253 என்று கரும்பலகையில் எழுதிய பிறகுதான் முகங்கள் மாறும். ஆனால் எனக்குப் பிடித்த பகுதி அதற்கும் பிறகு வருகிறது. 365 நாள்களும் சமவாய்ப்புள்ளவை என்று வைத்துக்கொண்டுதான் இந்தக் கணக்கைப் போட்டோம். அது உண்மையா என்று பார்ப்பதற்காக, வீட்டுப் பெரியவர்களின் சான்றிதழில் உள்ள பிறந்த தேதிகளைக் கேட்டுவரச் சொல்வேன். "அப்பா பொறந்தது ஐப்பசியில சார், சர்டிபிகேட்ல மே மாசம்" என்று யாராவது ஒருவர் சொல்லாமல் இருப்பதில்லை. ஜூனில் பள்ளி திறக்கும்போது வயது சரியாக இருக்கட்டும் என்று தலைமையாசிரியரே ஒரு தேதியைப் போட்டுக்கொண்ட காலம் அது. இப்படித் தேதிகள் ஒரு பக்கம் குவிந்தால், இருவருக்கு ஒரே நாள் அமையும் வாய்ப்பு கூடுமே தவிரக் குறையாது என்பதை மாணவர்களே வாதாடிக் கண்டுபிடிப்பார்கள்.

நாணயச் சோதனையும் இதே வகைதான். பாதிப் பேர் நாணயத்தை 200 முறை சுண்டிப் பதிவு செய்ய, மீதிப் பேர் சுண்டாமலேயே கற்பனையாக எழுதித் தருவார்கள். பெயர் பார்க்காமலே பெரும்பாலும் இரண்டையும் பிரித்துவிடலாம். உண்மைப் பதிவில் தொடர்ந்து ஆறு பூவோ ஆறு தலையோ வருவதற்கு ஏறத்தாழ 96 சதவீத வாய்ப்பு இருக்கிறது. கற்பனையில் எழுதுபவரோ மூன்று, நான்கு தலைகள் ஆனதும் கூச்சப்பட்டுப் பூவுக்கு மாறிவிடுகிறார்.

பருவத் தேர்வு வினாத்தாளில் இதற்கெல்லாம் இடமில்லை. அங்கே பந்துகள் எப்போதும் சமவாய்ப்போடுதான் பையிலிருந்து எடுக்கப்படுகின்றன. அதனால் அகமதிப்பீட்டுத் தேர்வில், ஒரு கணக்கை விடையோடு கொடுத்து, எந்த எடுகோள் உடைந்தால் அந்த விடை மாறும் என்று மட்டும் கேட்கிறேன். வேகமாகக் கணக்குப் போடுபவர்கள்தான் அந்த வினாவுக்கு முன்னால் நெடுநேரம் பேனாவைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.